ஏழாம் எழுத்து

ஜூரோங் மீன் துறைமுகம், இரவு இரண்டே கால்.
தராசின் அடிவயிற்றில் ஒன்பது ஊசித் துளை.
ரப்பர் மூடியைக் கழற்றினால்
உள்ளே காய்ந்த செதில் ஒன்று,
முத்திரை வைத்தது போல.

கம்பெனியைக் கேட்டுப் பார்த்துவிட்டார் சுவா.
மென்பொருளுக்குத் தனி விலை, கம்பிக்குத் தனி,
உரிமம் வருஷா வருஷம்.
"என் தராசு என்கிட்டப் பேச
அவனுக்கு நான் காசு கட்டணுமா?"
அதனால் என்னைக் கூப்பிட்டிருந்தார்.
கீறல் விழுந்த கைக்கணினி,
போன மாதம் நானே பற்றவைத்த கம்பி,
பாட்டரி நாற்பத்தொரு சதவீதம்.

ஒன்பதாயிரத்து அறுநூறில் காது வைத்தேன்.
கட்டங்களும் கேள்விக்குறிகளும் கொட்டின.
பத்தொன்பதாயிரத்து இருநூறு, இன்னும் மோசம்.
வேகத்தைக் குறைத்துக் குறைத்து
இரண்டாயிரத்து நானூறுக்கு வந்து,
எட்டு பிட்டை ஏழாக்கி
இரட்டைச் சமநிலை என்று வைத்ததும்
ஒரு கூட்டல் குறி வந்தது.
பின்னால் பூஜ்யம், பூஜ்யம், புள்ளி,
பூஜ்யம், பூஜ்யம்.

வினாடிக்குப் பத்து தடவை
ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று
சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது காலித் தட்டு,
பதினோரு வருஷமாக,
செதில் அடைத்த வாயோடு.

ஆறு எழுத்து புரிந்துவிட்டது.
ஏழாவதுதான் பிடிபடவில்லை.
பெரும்பாலும் எல்,
திடீரென்று ஆர்.
பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர்
தொலைபேசியை எடுத்ததும் கேட்பாரே,
"ஆர்?"
அப்படித்தான் இருந்தது.

கையேடு கிடையாது.
தெரிந்த பொருளை வைத்துத்தான்
தெரியாத எழுத்தைப் படிக்கவேண்டும்.
தண்ணீர்ப் போத்தல், ஒன்று புள்ளி பூஜ்யம் நாலு. எல்.
என் இடது காலணி, பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு. எல்.
ஐஸ் வாளி. எல்.
ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நின்றபடி
"வேறென்ன இருக்கு?" என்றேன்.
மொனிருல் தன் கைப்பேசியை வைத்தான்.
பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்று. எல், எல், எல்.

அப்போதுதான் குல்னாவிலிருந்து அழைப்பு வந்தது.
தட்டின்மேல் அதிர்ந்தது கைப்பேசி.
எடை ஒரு கிராம்கூட மாறவில்லை.
எழுத்து மட்டும்
ஆர். ஆர். ஆர்.

"எடுக்காதே, எடுக்காதே!" என்று கத்திவிட்டேன்.
அவன் மனைவி தொடர்ந்து அழைத்தாள்.
நான் பதிவு செய்துகொண்டே இருந்தேன்,
முப்பத்தேழு வரி.
அழைப்பு நின்றது. எல்.

அவ்வளவுதான் விஷயம்.
எண் எடையைச் சொல்கிறது,
எழுத்து அது அடங்கியதா என்று சொல்கிறது.
மொனிருல் வெளியே போய் அவளைத் திரும்ப அழைத்தான்.
நான் காரணம் என்று சொல்லியிருப்பான்.
சொல்லட்டும்.

மூன்றரைக்குக் கொடுவா வந்தது, வாவல் வந்தது.
செத்த மீனுக்குப் பொறுமை அதிகம்,
வைத்ததும் எல்.
நிரலில் எழுதினேன்: எல் வந்தால் மட்டும் குறித்துக்கொள்.
சுவாவின் முகத்தில் ஒரு வருஷ உரிமத்தின் மகிழ்ச்சி.

பிறகு நண்டுக் கூடை.
கொடுக்கைக் கயிற்றால் கட்டியிருந்தும்
ஒன்றின்மேல் ஒன்று ஏறி நுரை தள்ளிக்கொண்டிருந்தன.
பதினெட்டு புள்ளி ஆறு, ஆர்.
பதினெட்டு புள்ளி மூன்று, ஆர்.
பதினெட்டு புள்ளி எட்டு, ஆர்.
"இத்தனை நாளும் எப்படி எழுதினீங்க?"
கணக்கெழுதும் கிழவர் ஆங் பேனாவைக் காதில் செருகினார்.
"வாங்குறப்போ கம்மி. விற்கிறப்போ ஜாஸ்தி."
சுவா மீன்களைப் பார்த்தார்.

மூன்று வினாடி பார், அடங்காவிட்டால் சராசரி எடு
என்று ஒரு வரி சேர்த்தேன்.
தராசு சொல்லாத வரி, கம்பெனியும் எழுதாதது.
தப்பென்றால் என் தலையில்தான் விடியும்.
பாட்டரி ஒன்பது சதவீதம்.
கம்பியைப் பிடுங்கியபோதும்
திரையின் கடைசி வரி
ஆர் என்றே நின்றது.
இன்னொரு காலணியைத் தேடினேன்.
ஐஸ் வாளிக்குள் கிடந்தது.